பத்து சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறது

அந்த மனநல ஆலோசனை மையத்தின் இயக்குநர் ஒரு முறை மூன்று நாள் மாநாட்டுக்குப் போய்வந்தார். வெறுங்கையோடு வந்திருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நான்கு கோடுகளோடு வந்தார்.

கோடு என்றால் வெறும் கோடுதான். ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு படுக்கைக் கோடுகள், ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர். இடது முனை என்றால் மோசம், வலது முனை என்றால் அருமை. வந்தவர் தன் மனசு எங்கே நிற்கிறதோ அங்கே பேனாவால் ஒரு கீறல் போடவேண்டும். ஸ்கேலை வைத்து அளந்து கூட்டினால் நாற்பதுக்கு இத்தனை என்று தெரிந்துவிடும். உள்ளே போகும்முன் ஒரு தாள்: நான், குடும்பம், வேலை, மொத்தத்தில். வெளியே வரும்முன் இன்னொரு தாள்: ஆலோசகர் காது கொடுத்துக் கேட்டாரா, நான் பேச நினைத்ததைப் பேசினோமா, பேசிய விதம் பிடித்ததா, மொத்தத்தில் எப்படி. வந்தவரின் கருத்தைக் கேட்டு ஆலோசகர் தன்னைத் திருத்திக்கொண்டால் வந்தவருக்குச் சீக்கிரம் குணமாகும் என்று மாநாட்டில் சொன்னார்களாம். நியாயமான பேச்சுதான். அதில் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதை ஒரு அலுவலகத்தின் கையில் கொடுத்தார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது.

"வர்றவங்க சொல்றதை நாம கேக்கணும்," என்று ஊழியர் கூட்டத்தில் இயக்குநர் முழங்கினார். "ஆனா ஒவ்வொருத்தர் சொல்றதையும் உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தா நம்ம வேலையை எப்பப் பாக்கறது? அதுக்குத்தான் இந்தக் கோடு. அவங்க வாயே திறக்க வேணாம். ஒரு கீறல் போதும்."

எல்லோரும் கைதட்டினார்கள். அளப்பதற்கென்றே ஒரு பதவியும் அன்றே பிறந்தது: அளவீட்டு அலுவலர். அதுவரை மையத்தின் மேசை நாற்காலிகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது சட்டைப்பையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைச் சொருகிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மனிதர்களின் துயரத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தார். வந்துபோகிறவர்கள் அவரை ஸ்கேல்காரர் என்றார்கள்.

இந்த ஸ்கேல்காரர் முன்னால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை டெய்லர் வந்து உட்கார்ந்தார்.

டெய்லருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவரும் தம்பியும் இருபத்து நான்கு வருஷம் ஒரே கடையில் எதிரெதிரே உட்கார்ந்து தொழில் செய்தவர்கள். அண்ணன் வெட்டுவார், தம்பி தைப்பான். எட்டு மாதத்துக்கு முன் அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள், அவசரம் என்று தம்பியே ஒரு கோட்டுத் துணியை வெட்டிவிட்டான். மடித்துப் போடவேண்டிய துணியை ஒற்றையாகப் போட்டு வெட்டியதில் கை இரண்டும் இடது கையாகவே வந்துவிட்டன. அண்ணன் வந்து பார்த்தார். அவனைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். தம்பி எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். தெருமுனை திரும்புவதற்குள் லாரி.

லாரிக்காரன் மேல்தான் தப்பு என்று ஊரே சொன்னது. டெய்லரும் தலையாட்டினார். தான் சொன்ன வாக்கியம் என்னவென்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து துணிமேல் கத்தரியை வைத்தால் கை மரத்துப்போய் அப்படியே நிற்கும். கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஒருநாள் வாய்விட்டு அழுதுவிட்டாள். "என்கிட்ட சொல்ல முடியலைன்னா பரவாயில்லங்க. யார்கிட்டயாவது போய்ச் சொல்லிட்டு வாங்க. இப்படியே உள்ள வச்சுக்கிட்டிருந்தா நீங்களும் எனக்கு இல்லாமப் போயிடுவீங்க." பிடித்துத் தள்ளாத குறையாக அவள்தான் அனுப்பிவைத்தாள்.

"கோட்டுல ஒரு கீறல் போடுங்க," என்றார் ஸ்கேல்காரர்.

"எதுக்குங்க?"

"உங்க மனநிலையை அளக்கணும்."

டெய்லர் தாளையும் ஸ்கேலையும் ஏற இறங்கப் பார்த்தார். அளவு எடுத்தே பழகிய மனிதர், கொடுத்துப் பழக்கமில்லை. "உடம்புன்னா நிமிந்து நின்னு காட்டலாம். மனசுக்கு எப்படிங்க? மூச்சை இழுத்துப் பிடிக்கணுமா, விட்டுடணுமா?"

"சாதாரணமா இருங்க."

"சாதாரணமா இருந்தா நான் ஏங்க இங்க வர்றேன்?"

ஸ்கேல்காரர் கோப்பில் ‘ஒத்துழைப்பு குறைவு’ என்று எழுதிக்கொண்டார். டெய்லர் நான்கு கோட்டிலும் இடது பக்கமாக நான்கு கீறல் போட்டார். எட்டு புள்ளி மூன்று.

மூன்றாம் அறையில் ஒரு அம்மா இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், தொண்டை கட்டிய குரல், மேசைமேல் ஒரு கடிகாரம், ஒரு தண்ணீர்க் குவளை. டெய்லர் முதல் வாரம் வந்த நேரம் முழுக்க தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா குடையவில்லை. "பேசணும்னு தோணும்போது பேசுங்க ஐயா," என்றதோடு சரி. மரியாதைக்காக டெய்லர் பின் தாளில் எல்லாக் கோட்டிலும் கடைசி முனையில் கீறிவிட்டு வந்தார்.

இரண்டாவது வாரமும் பேச்சு வரவில்லை. முடியும்போது அந்த அம்மா தாளை நீட்டி, "போன வாரம் சும்மா எனக்காகப் போட்டீங்க. இந்தத் தடவை நிஜமா போடுங்க. அப்பதான் எனக்கு உபயோகம்," என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். டெய்லர் யோசித்தார். நிஜம் கேட்கிறார்கள், கொடுத்தால் என்ன? ஒவ்வொரு கோட்டிலும் ஏழு.

"மூணு குறையுதே," என்றார் அந்த அம்மா. "எங்க தப்புப் பண்ணேன்?"

"கடிகாரத்தைப் பாத்தீங்கம்மா. ரெண்டு தடவை. அளவு கொடுக்க வந்தவங்க கடிகாரத்தைப் பாத்தா எனக்கு டேப் நழுவும். அந்த மாதிரி ஆயிடுச்சு."

"ஆமா, பாத்தேன். மன்னிச்சிடுங்க ஐயா."

அடுத்த வாரம் போனபோது கடிகாரம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது. டெய்லர் அதைப் பார்த்தார். காய்ச்சலில் படுத்தது, தம்பி கடையைத் திறந்தது, அவனுக்கு விசில் அடித்துக்கொண்டே தைக்கிற பழக்கம் உண்டென்பது, அதற்குத் தான் தினமும் திட்டுவது என்று நாற்பது நிமிஷம் பேசினார். அந்த அம்மா கேட்டார். உண்மையாகவே கேட்டார். கோட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான்கள் நினைத்தது இதைத்தான். மையத்தின் வரலாற்றில் அது நடந்தது அந்த ஒரு தடவைதான், அதற்கும் உடனே விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

ஏனென்றால் பின் தாளில் முப்பத்தாறுக்குக் கீழே போனால் சிவப்பு. நான்கு ஏழு இருபத்தெட்டு. மூன்று சிவப்பு விழுந்தால் அந்த ஆலோசகர் அறையைக் காலி செய்யவேண்டும். இது மாநாட்டில் சொன்னதில்லை, இயக்குநரின் சொந்தச் சரக்கு.

தரக்குழு டெய்லரையும் கூப்பிட்டது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், ஸ்கேல்காரர், இன்னும் இரண்டு பேர். இந்தப் பக்கம் கை இல்லாத நாற்காலியில் டெய்லர்.

"ஏழு போட்டிருக்கீங்க," என்றார் இயக்குநர். "மீதி மூணு எங்க?"

டெய்லர் பேந்தப் பேந்த விழித்தார். அந்த அம்மாவுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வாயைக் கொடுத்தார். "அது ஒண்ணுமில்லீங்க. அம்மா கடிகாரத்தைப் பாத்தாங்க. ஆனா நான் சொன்னதும் அடுத்த வாரமே திருப்பி வச்சுட்டாங்க. தங்கமான மனசுங்க."

குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. "கடிகாரத்தைத் திருப்பினாங்களா?"

"ஆமாங்க. சுவத்தைப் பாக்க."

"அது மையத்தோட சொத்து. எண் எழுதி, மேசைல எந்த இடம்னு பதிவேட்டுல குறிச்சது," என்றார் ஸ்கேல்காரர், சொந்தக் குழந்தையை யாரோ கிள்ளிவிட்டதுபோல. "அனுமதி வாங்கித் திருப்பினாங்களா?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்?"

இரண்டாவது சிவப்பு அங்கேயே விழுந்தது. டெய்லர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன, போனது போனதுதான்.

"நீங்க பயப்படாதீங்க," என்று இயக்குநர் அன்போடு சொன்னார். "குறைகளை நாங்க திறந்த மனசோட வரவேற்கிறோம். போன வருஷம் முந்நூத்திப் பன்னெண்டு குறை வந்தது. அத்தனையையும் வரவேற்றோம். குறை சொன்னவங்களையும் இந்த மாதிரி ஒவ்வொருத்தரா வரவழைச்சு வரவேற்றோம். இந்த வருஷம் உங்களோட சேத்து ஒண்ணே ஒண்ணு. இதைவிட முன்னேற்றம் வேற என்ன வேணும்?"

"இனிமே பத்துதாங்க போடுவேன்," என்றார் டெய்லர்.

"பாத்தீங்களா!" என்று இயக்குநர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "கருத்து கேட்டதும் மனுஷன் எப்படி மாறிட்டார்."

காத்திருக்கும் கூடத்தில் ஏற்கெனவே எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் அங்கே வழக்கமாக வருவார். பெண்டாட்டி போனபிறகு எதற்கெடுத்தாலும் அழுகிறவர். "என்ன அழுகை வந்தாலும் அழுதுக்கிட்டே பத்துல போட்டுடுங்க டெய்லர்," என்று அவர் புத்தி சொன்னார். "நாம ஒண்ணு குறைச்சா, நமக்குக் காது கொடுக்கிற ஒரே ஆளும் போயிடும்." டெய்லருக்கு அப்போதுதான் உறைத்தது. தான் வாயைத் திறந்து சொன்ன ஒரு வாக்கியத்தில் ஒரு ஆள் போய்ச் சேர்ந்தான். இப்போது வாயைத் திறந்ததில் இன்னொரு ஆளின் வேலை ஆடுகிறது.

நான்காவது வாரம் அந்த அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடிகாரம் பழையபடி மனிதர்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா மட்டும் அதைப் பார்க்கவில்லை. டெய்லர் கோட்டுத் துணி வரைக்கும் சொல்லிவிட்டார். இரண்டும் இடது கையாக மேசைமேல் கிடந்ததைச் சொன்னார். தம்பி அசட்டுச் சிரிப்புச் சிரித்ததைச் சொன்னார். அதற்குமேல் குரல் நின்றுவிட்டது.

"மீதி ஒரு வாக்கியம்தாம்மா இருக்கு. அடுத்த வாரம் கண்டிப்பா சொல்லிடறேன்."

"அவசரமில்ல ஐயா. சொல்லும்போது நான் இருப்பேன்."

அன்று பின் தாள் புதுசாக இருந்தது. அச்சகத்தில் அடித்த பழைய தாள் தீர்ந்துபோய், மையத்திலேயே நகல் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். தாளின் தலையில் இயக்குநரின் படமும், படத்துக்குப் பக்கத்தில் அவருடைய வாழ்த்துரையும் புதிதாக ஏறியிருந்தன. டெய்லர் நான்கு கோட்டிலும் பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி, கடைசி முனையில் கீறினார். ஸ்கேல்காரர் வந்தார். ஒரு கண்ணை மூடினார்.

"முப்பத்தஞ்சு புள்ளி ரெண்டு. சிவப்பு."

"என்னங்க இது? முனையிலதானே போட்டேன்?"

"முனையிலதான் போட்டிருக்கீங்க. ஆனா எட்டு புள்ளி எட்டுதான் வருது."

"முனைன்னா பத்து வரணுமே?"

"வரணும். அதுக்கு ஏத்த மாதிரி நீங்க போட்டிருக்கணும்."

அந்த வாரம் மையத்தின் ஏழு ஆலோசகர்களுக்கும் சிவப்பு விழுந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் முனையில்தான் கீறியிருந்தார்கள், அத்தனை பேருக்கும் எட்டு புள்ளி எட்டுதான் வந்தது. இயக்குநருக்கு வந்ததே கோபம். வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து ‘கருத்து தெரிவிக்கும் பயிற்சி’ நடத்தினார். கரும்பலகையில் பெரிய கோடு போட்டு, பேனாவை எப்படிப் பிடிப்பது, மூச்சை எப்போது விடுவது, கையை எப்படி வலதுபக்கம் கொண்டுபோவது என்று முக்கால் மணி நேரம் பாடம் நடந்தது.

"உங்க மனசு சுருங்கிப்போச்சு," என்றார் இயக்குநர். "எல்லாரும் சொல்லிவச்ச மாதிரி எட்டு புள்ளி எட்டோட நிறுத்திக்கிறீங்க. இன்னும் ஒண்ணு புள்ளி ரெண்டு கொடுக்க மனசு வரலையே, ஏன்?"

கண்டக்டர் எழுந்தார். "சார், முனைக்கு அப்புறம் கோடே இல்லியே சார்."

"மனசிருந்தா இடம் இருக்கும்."

கண்டக்டர் நல்ல மனுஷர். சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். அங்கேயே தன் ஆலோசகருக்கான தாளை வாங்கி, கோட்டுக்கு வெளியே வெள்ளைத் தாளில், அளவாக ஒன்று புள்ளி இரண்டு தள்ளிக் கீறினார். ஸ்கேல்காரர் பார்த்துவிட்டு, ‘எல்லை உணர்வு இல்லை’ என்று கோப்பில் எழுதி அவரை மாடிக்கு அனுப்பிவைத்தார். மாடியில் மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கண்டக்டர் அழவில்லை. கூடத்து மூலையில் வாயைத் திறந்தபடி தூங்கினார். அவர் கோப்பில் ‘முன்னேற்றம்’ என்று ஏறியது.

டெய்லர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகத் தெருவில் போகிறவனின் தோளைப் பார்த்தே சட்டையளவு சொன்ன கண் அது. பையிலிருந்து டேப்பை எடுத்தார். கோட்டின்மேல் வைத்தார். இன்னொரு தடவை வைத்தார். பிறகு எழுந்து நின்றார்.

"ஐயா, கோடே எட்டு புள்ளி எட்டுதாங்க இருக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தலையில உங்க படத்தையும் வாழ்த்துரையையும் வச்சிருக்கீங்க. தாள் அதே தாள்தான். எல்லாம் அடங்கணும்னு நகல் எடுக்கும்போது சின்னதாக்கியிருக்காங்க. கோடும் சுருங்கிடுச்சு. எங்க மனசு சுருங்கலீங்க. மூணாம் அறை அம்மா மேல தப்பே இல்லீங்க."

ஸ்கேல்காரர் விடுவிடுவென்று வந்து, கோட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். "இங்க பாருங்க. பத்து சென்டிமீட்டர்னு எழுதியிருக்கு."

"எழுதியிருக்குங்க. அளந்து பாருங்களேன்."

"எழுதினதை எதுக்கு அளக்கணும்? நீங்க எட்டு புள்ளி எட்டுங்கிறீங்க, தாள் பத்துங்குது. தாள் அச்சடிச்சது. உங்க டேப் வெறும் துணி."

டெய்லர் விடவில்லை. அவர் வாழ்க்கையில் அவ்வளவு பேர் முன்னால் பேசியதே இல்லை. "தாளை மாத்திடலாமேங்க. அந்த வாழ்த்துரையை மட்டும் எடுத்துட்டா போதும்."

இயக்குநரின் முகம் வாடிவிட்டது. உண்மையாகவே புண்பட்டுவிட்டார். "அதுல என்ன எழுதியிருக்கேன்னு படிச்சீங்களா? ‘உங்கள் குரலே எங்கள் வழிகாட்டி’ன்னு எழுதியிருக்கேன். அதையே எடுக்கச் சொல்றீங்களே. அதை எடுத்துட்டா அப்புறம் உங்க குரலுக்கு இங்க என்ன மதிப்பு?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களை அளக்க நாங்க இருக்கோம். நீங்க எங்களை அளக்க ஆரம்பிச்சிருக்கீங்க. இதுவும் ஒரு அறிகுறிதான்."

ஸ்கேல்காரர் எழுதிக்கொண்டார்: ‘கோடுகள் மேல் சந்தேகம்.’

அடுத்த செவ்வாய்க்கிழமை டெய்லர் அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாம் அறைக் கதவில் வேறு ஒரு பலகை தொங்கியது.

"அந்த அம்மா எங்கங்க?"

"மூணு சிவப்பு. மறுபயிற்சி," என்றார் ஸ்கேல்காரர். "நகல் அறையில."

டெய்லர் கூடத்தைக் கடந்து, கழிப்பறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அந்த அறையைக் கண்டுபிடித்துப் போனார். அந்த அம்மா இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நிமிஷத்துக்கு முப்பது தாள் வந்து விழுந்தது. ஒவ்வொன்றிலும் இயக்குநர் சிரித்தார்.

"என்னாலதானேம்மா?"

"இல்ல ஐயா. நீங்க நிஜத்தைச் சொன்னீங்க. நான்தான் கேட்டேன்."

"நான் வாயைத் திறந்தாலே ஒருத்தரு போயிடறாங்கம்மா. அவன் போனான். இப்ப நீங்க." டெய்லர் அழுதார். ஆலோசனை அறையில் ஒரு நாளும் அழாத மனிதர், நகல் அறையில் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்த அம்மா இயந்திரத்தை நிறுத்தினார். ஒரு தாள் கட்டை இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "அந்த வாக்கியத்தை இப்பச் சொல்லுங்க ஐயா. நான் கேக்கறேன்."

டெய்லர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் அவனைப் பாத்து," என்று ஆரம்பித்தார்.

"இயந்திரம் ஏன் நின்னுச்சு?" ஸ்கேல்காரர் வாசலில் நின்றார். "இது ஆலோசனை அறை இல்ல. இங்க பேசணும்னா முன் தாள், பின் தாள் ரெண்டும் நிரப்பணும். நகல் அறைக்குத் தாள் ஒதுக்கல."

அறை முழுக்க அந்தத் தாள்தான் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். டெய்லர் பதறிப்போய், "வேணாம்மா. நாலாவது சிவப்பும் என்னால வேணாம்," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். பின்னால் இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

மூன்றாம் அறையில் புது ஆலோசகர் காத்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத இளைஞர். இயக்குநரின் அக்காள் மகன் என்பதால் அவர் அறைக்கு மட்டும் பழைய அச்சகத்துத் தாள் ஒரு கட்டு எங்கிருந்தோ கிடைத்திருந்தது.

"வாங்க, உக்காருங்க. முந்தின குறிப்பெல்லாம் படிச்சிட்டேன். ஒரு வாக்கியம் பாக்கின்னு போட்டிருக்கு. சொல்லிட்டீங்கன்னா முடிச்சிடலாம்."

இவரிடம் சொல்வதா என்று டெய்லர் யோசித்தார். எழுந்து போய்விடலாம். போனால் மனைவி வாசலிலேயே நின்று முகத்தைப் பார்ப்பாள். எத்தனை நாளைக்கு அந்தப் பார்வையைத் தாங்குவது? மேலும் அந்த வாக்கியம் இன்று காலையிலிருந்து தொண்டையில் வந்து நிற்கிறது, விழுங்கினாலும் உள்ளே போகமாட்டேன் என்கிறது. டெய்லர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என் தம்பி துணியைக் கெடுத்துட்டு நின்னான். நான் அவனைப் பாத்து, ‘நீ ஒருத்தன் இல்லாம இருந்தா இந்தக் கடை எப்பவோ உருப்பட்டிருக்கும்’னு சொன்னேன். அதுதான் அவன் கடைசியா கேட்டது."

சொல்லிவிட்டார். எட்டு மாதம். நிமிர்ந்து எதிரே இருந்தவர் முகத்தைப் பார்த்தார்.

"நல்லது," என்றார் புது ஆலோசகர். பேனாவைத் திறந்தார். "இது ‘குடும்பம்’ கோட்டுல வருமா, ‘வேலை’ கோட்டுல வருமா?"

டெய்லருக்குப் புரியவில்லை.

"தம்பின்னா குடும்பம். கடையில கூட இருந்தவர்னா வேலை. ரெண்டுலயும் சேத்துப் போட முடியாது. கூட்டுத்தொகை இடிக்கும்."

டெய்லர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவேண்டும்போல இருந்தது. மேசையைப் புரட்டிப் போடவேண்டும்போல இருந்தது. தம்பியின் பெயரைச் சொல்லி அலறவேண்டும்போல இருந்தது. பிறகு அத்தனையும் ஒரே நிமிஷத்தில் வற்றிப்போனது. "உங்களுக்கு எது சௌகரியமோ போட்டுக்குங்க," என்றார்.

"அப்ப வேலை. இப்ப பாரம் இறங்கியிருக்கும், இல்லியா? முன் தாளை மறுபடி ஒரு தடவை போட்டுடுவோம்."

டெய்லர் பேனாவை வாங்கினார். நான், குடும்பம், வேலை, மொத்தத்தில். நான்கிலும் வலது முனை. பின் தாளில் கேட்டாரா, பேசினோமா, பிடித்ததா, மொத்தத்தில். நான்கிலும் வலது முனை. கை தடுமாறவே இல்லை. இந்தத் தடவை கோடு சரியாகப் பத்து இருந்தது.

அன்று மாலையே கூடத்தில் ஒரு சின்னப் பாராட்டு நடந்தது. "இவர் வந்தப்ப எட்டு புள்ளி மூணு," என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். "இன்னைக்கு நாப்பது. அஞ்சு வாரத்துல முப்பத்தொண்ணு புள்ளி ஏழு சென்டிமீட்டர் குணமாயிருக்கார். நடுவுல இவர் நம்ம முறையையே சந்தேகப்பட்டார். நாம கோவிச்சுக்கலை. அவர் கருத்தைக் கேட்டோம், அவர் கருத்தை மாத்திக்கிட்டார். இதுதான் இந்த முறையோட வெற்றி." சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுத்து ஒலிபெருக்கியை நீட்டினார். "இப்ப எப்படி இருக்கீங்க? உங்க வாயாலயே சொல்லுங்க."

"நல்லாயிருக்கேங்க," என்றார் டெய்லர்.

கைதட்டல் எழுந்தது. சத்தத்தில் மூலையில் இருந்த கண்டக்டர் விழித்து, எதற்கு என்று தெரியாமல் அவரும் தட்டினார்.

வீட்டு வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். சான்றிதழை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. கணவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"முழுசாவா? மனசுல இருந்ததை அப்படியேவா?"

"அப்படியே."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. "எத்தனை நாளா நான் பயந்துக்கிட்டிருந்தேன் தெரியுமாங்க. நான் என்னன்னு கேக்க மாட்டேன். சத்தியமா இனிமே கேக்கவே மாட்டேன். அது உங்களுக்கும் அவங்களுக்கும். ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கேட்டுட்டு அவங்க என்ன சொன்னாங்க?"

டெய்லர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"நல்லதுன்னு சொன்னாங்க."

"அப்பாடா," என்றாள் அவள், இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "ஒருத்தராவது உங்களைப் புரிஞ்சுக்கிட்டாங்களே."

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவள் தன் தங்கைக்குப் போன் போட்டுச் சொல்ல உள்ளே ஓடினாள்.